இராவணன்கையும் கண்டி நாட்டு வீணாவவும்

நரம்புக் கருவிகளை இயக்கும் முறை இரண்டாகும். விரலாலேனும் நகத்தாலேனும் நரம்பைத் தெறித்து ஒலியெழுப்புதல் ஒன்று. வில்லை நரம்பின்மேல் ஓட்டி ஒலியெழுப்புதல் மற்றொன்று. பழந்தமிழர் போற்றிய யாழும், பின்னர் அதன் இடத்தைப் பெற்ற வீணையும் முதல் வகையின. இன்று கருநாடக இசையரங்கிற் பாடகர்க்குப் பக்கத்துணையாக விளங்கும் பிடில் இரண்டாம் வகையினது. பிடில் ஐரோப்பியர் வழியாக வந்தது என்பதும், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனை நம் இசைக்கு இணங்கப் பயின்று காட்டினார் என்பதும் இசை வரலாறு கற்றார் அறிந்தவை. ஆனால், ஐரோப்பியப் பிடிலின் சாயல் சிறிதுமில்லாத, வில்லால் இயக்கும் கருவியொன்று கண்டி மலைநாட்டில் இருந்தது என்பதையும், அது அரண்மனையிலன்றி இரந்துண்டு திரிந்த பாடகர் கையிலேயே வாழ்ந்தது என்பதையும் அறிந்தார் சிலரே. அதன் பழமை, அமைப்பு, மறைவு ஆகிய மூன்றையும் முறையே ஆராய்வாம்.

பெயரும் புகழும்

இராவணனை இசைவல்லோனாகப் போற்றுவது தமிழ் மரபு. கயிலை மலையைப் பெயர்க்க முயன்று இறைவன் திருவிரலாற் புண்பட்ட அவன், தன் நரம்பையே யாழாக்கிச் சாமகீதம் பாடி அருள்பெற்றான் என்பது சைவர் நன்கறிந்த வரலாறு. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிற் பெரும்பாலானவற்றின் எட்டாம் பாடலில் அவனை நினைவு கூர்கின்றார். அவனது கொடி வீணைக்கொடி என்பதும் மரபு. இராசத்தான், கூர்ச்சரம் ஆகிய நாடுகளில் இன்றும் வழங்கும் வில்லிசைக் கருவியொன்று ‘ராவணஹத்தா’ எனப்படும். இராவணனது கை என்பது அதன் பொருள். பாபூஜி என்னும் வீரன் கதையைத் திரைச்சீலை ஓவியத்தின் முன்னின்று இரவெல்லாம் பாடும் போப்பர்கள் இக்கருவியைத் தாமே இசைத்துப் பாடுவர்.

இப்பெயரை ஐரோப்பாவிற் பரப்பியவர் பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சு யாத்திரிகர். 1782 ஆம் ஆண்டு வெளிவந்த தமது பயண நூலில் அவர் ‘ராவணாத்திரம்’ என்னும் கருவியைக் குறித்து, இலங்கை அரசனாகிய இராவணன் ஐயாயிரம் ஆண்டுகளுக்குமுன் அதனை ஆக்கினான் என்னுஞ் செய்தியைச் சேர்த்தார். பெல்ஜிய நாட்டு இசையறிஞர் பெத்திசு, பிடில் செய்வதிற் பெயர்பெற்ற இசுத்திராடிவாரியைப் பற்றி 1856 இல் எழுதிய நூலில், வில்லால் இயக்கும் கருவிகளெல்லாம் இந்தியாவிலேயே தோன்றி மேற்கே சென்றன எனவும், அவற்றின் மூலம் இராவணாத்திரமே எனவும் வாதித்தார். அன்று தொட்டு, உலகத்துப் பிடில்கட்கெல்லாம் தாயகம் இலங்கையே என்னும் கூற்றுப் பலராலும் எடுத்தாளப்பட்டு வருகின்றது.

கூற்று இனியதுதான். எனினும் இனிமை வேறு, உண்மை வேறு. பெத்திசு விவரித்த கருவியை உற்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. அவர் கூறுவது குடையப்பட்ட மரவுருளை. அதன் ஒருமுகத்திற் பாம்புத்தோல். அதன்மேல் இரு நரம்புகள். இவ்வமைப்புச் சீனருடைய எர்ஹூ என்னும் கருவிக்கு இயைவதேயன்றி, இராசத்தானத்து இராவணஹத்தாவுக்கோ கண்டி நாட்டுக் கருவிக்கோ இயையவில்லை. இவையிரண்டுக்கும் உடல் தேங்காய்ச் சிரட்டையாகும். ஆகவே பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் நிலையில் எழுந்தது அவர் வாதம். பெயரொன்றையே பற்றிக்கொண்டு வரலாறு எழுதப் புகுவார்க்கு நேரும் இடர் இதுவேயாம்.

நூற்சான்றுகள்

இனிப் பழைய நூல்கள் கூறுவன யாவை எனப் பார்ப்போம். சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் யாழின் வகைகளும் உறுப்புகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவற்றுள் எதுவும் வில்லால் இயக்கப்பட்டதாகக் கூறப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘வில்யாழ்’ என ஒரு கருவி வருகின்றதே எனச் சிலர் வினவக்கூடும். அது வில்லைப்போல் வளைந்த வடிவினதாகிய யாழ். குமிழமரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி ஆயன் தானே செய்துகொண்டது. வில் அதன் வடிவமேயன்றி இயக்குங் கருவியன்று.

வடமொழி இசைநூல்களில், மிதிலையை ஆண்ட நான்யதேவன் 1100 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இயற்றிய பரதபாஷ்யத்தில் இராவணஹஸ்தம் என்னும் பெயர் காணப்படுகின்றது. தேவகிரியிலே 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்நாகரத்தில் வில்லால் இயக்கப்படும் பினாகி வீணையை விளக்குகின்றார். அராபிய நூல்களுள், 950 ஆம் ஆண்டிற் காலமான அல்பாராபியின் இசைப்பெருநூல் வில்லால் நரம்பை இழைக்கும் கருவிகளைக் குறிக்கின்றது. சீனத்திலே, 1100 ஆம் ஆண்டளவிற் சென்யாங் என்பார் தொகுத்த இசைநூல், மூங்கிற் சிம்பால் நரம்பைத் தேய்த்து ஒலியெழுப்பும் கருவியொன்றைக் காட்டுகின்றது. இவையனைத்தையும் ஒப்புநோக்கிய செருமானிய அறிஞர் வெர்னர் பாக்மன், 1964 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குதிரைமயிர் வில் மத்திய ஆசியாவில் எழுந்து 10 ஆம் நூற்றாண்டிற் பரவியது என்னும் முடிபுக்கு வந்தார். இந்தியாவிலும் தனியே எழுந்திருத்தல் கூடும் என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும் ஐயாயிரம் ஆண்டு என்பதற்குச் சான்றில்லை. தொள்ளாயிரம் ஆண்டுக்குச் சான்று உண்டு. தொள்ளாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெயருக்கு மேலும் நாலாயிரத்தைக் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டுவதில்லை.

கருவியின் அமைப்பு

கண்டி நாட்டு இசைக்கருவிகளை 19 ஆம் நூற்றாண்டில் விவரித்த ஆங்கிலக் குறிப்புகளில் முரசுகளும் ஊதுகருவிகளுமே மிகுதி. அவற்றினிடையே நரம்புக் கருவியாகத் தனித்து நிற்பது வீணாவ என்பது. பெயரில் வீணையின் சாயல் இருப்பினும் அது வீணையன்று. அதன் உடல், பாதியாக அறுத்து மெருகிட்ட தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையின் வாயில் உலர்ந்த உடும்பினத் தோல் போர்க்கப்பட்டது. அடியில் ஒலி வெளிப்படத் துளையிடப்பட்டது. நரம்புகள் இரண்டு. ஒன்று குதிரைமயிர்த் திரி. மற்றொன்று ஆங்கிலேயர் ‘ஒருவகைச் சணல்’ எனக் குறித்த நாரினாலாயது. வில்லின் நாணும் குதிரைமயிரே. அவ்வில்லிலே சிறு மணிகள் கோக்கப்பட்டிருந்தன.

இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் காரணத்தோடு அமைந்தவை. சிரட்டை இயற்கையே கடைந்து தந்த கலம். அதனிடத்தே தச்சன் செய்யவேண்டுவது அறுத்தலும் சுரண்டலும் மெருகிடலுமே. சுவர் மெல்லியதாயும் வலியதாயும் இருப்பதால் ஒலி உள்ளே மடங்காது தெறிக்கும். உடும்புத்தோல் மெல்லியது, இழுவைக்கு ஈடுகொடுப்பது; நம் கஞ்சிராவுக்கும் அத்தோலே நெடுங்காலம் பயன்பட்டது. ஈரமாகப் போர்த்து உலரவிட்ட தோல் தானே இறுகித் தாளமுகம்போல் நிற்கும். அதன்மேல் ஊன்றிய சிறு குதிரை, நரம்பின் அதிர்வைத் தோலுக்குக் கடத்தும். தோல் சிரட்டைக்குள் அடைபட்ட காற்றை அசைக்கும். துளை வழியாக அவ்வொலி வெளிப்படும்.

வில்லின் தொழில் இன்னும் நுட்பமானது. குதிரைமயிர் தனித்து ஓடினால் நரம்பின்மேல் வழுக்கிச் செல்லும், ஒலி பிறவாது. மரப்பிசினை அதிற் பூசிய பின்னரே மயிர் நரம்பைப் பற்றி இழுக்கும். இழுபட்ட நரம்பு எல்லை கடந்ததும் நழுவி மீளும்; மீண்டும் பற்றப்படும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை இங்ஙனம் பற்றலும் நழுவலும் நிகழ்வதால், தெறித்த நரம்புபோல் ஒலி உடனே தேய்ந்தொழியாது, வில் ஓடுங்காறும் நீண்டு நிற்கும். மனிதக் குரலோடு ஒன்றிச் செல்லும் இயல்பு இக்கருவிகட்கு வாய்த்தது இதனாலேயே. வில்லிற் கோத்த மணிகளோ, தாளத்துக்கு ஆளில்லாத தனிப் பாடகனுக்குத் தாளமாயின. கை வில்லை வீசுந்தோறும் மணி ஒலிக்கும். பாட்டு, பண், தாளம் ஆகிய மூன்றையும் ஒருவனே நடத்துதற்கு உற்ற கருவி இது. இரவலன் தோளிற் சுமக்கத்தக்க எளிமையும் உடையது.

ஓடும் நரம்பும் கூறுவன

பெயரை விட்டுப் பொருளை ஆராயின், கருவி தன் வரலாற்றைத் தானே ஓரளவு கூறும். இராசத்தானத்து இராவணஹத்தாவுக்கும் உடல் சிரட்டையே, தண்டு மூங்கில், முதன்மை நரம்புகளில் ஒன்று குதிரைமயிர், வில்லிலே சலங்கை. ஆனால் அந்நாடு மணல்நாடு, தென்னை விளையுமிடமன்று. சிரட்டை கடற்கரை நாடுகளிலிருந்தே அங்குச் சென்றிருத்தல் வேண்டும். இனிக் கண்டி நாட்டுக்கு வருவோம். கண்டியைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் தென்னைக்குக் குறைவில்லை. குதிரையோ இலங்கைக்கு இயற்கையாய் உரிய விலங்கன்று. ஒல்லாந்தத் தூதுவர்கள் கண்டி மன்னர்க்குக் கொணர்ந்த கையுறைகளிற் பாரசீகக் குதிரைகள் இடம்பெற்றமையே அவற்றின் அருமையைக் காட்டும். வடக்கே நெடுந்தீவிற் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். மலைநாட்டு இரவலன் கையிற் குதிரைமயிர் வந்தமை எளிதில் நிகழ்ந்ததன்று.

எனவே, இவ்விரு கருவிகளிலும் சிரட்டை தெற்கைச் சுட்ட, நரம்பு வடக்கைச் சுட்டுகின்றது. ஒருநாட்டார் மட்டும் முழுதும் ஆக்கி மற்றொரு நாட்டார்க்கு ஈந்த கருவியாக இது தோன்றவில்லை. கரைவழியே இரு திசையிலும் போக்குவரவு செய்த வணிகரும் யாத்திரிகரும் இரவலரும் கூடி உருவாக்கிய கருவியாகவே தோன்றுகின்றது.

இம்முடிபுக்குத் துணையாக மலையாள நாட்டிலே மூன்றாவது கருவியொன்று உள்ளது. நாகர் பாட்டுப் பாடும் புள்ளுவர் இசைக்கும் புள்ளுவன் வீணை வில்லால் இயக்கப்படுவது. அதன் மரக்கலத்தின்மேற் போர்க்கப்படுவது உடும்புத்தோல். நரம்பு கொடியொன்றின் நாராலாவது. கண்டி நாட்டு வீணாவ தோலாலும் நார் நரம்பாலும் மலையாளக் கருவியோடும், சிரட்டையாலும் குதிரைமயிராலும் மணிகளாலும் இராசத்தானக் கருவியோடும் உறவு கொண்டாடுகின்றது. மலையாள நாட்டுக்கும் கண்டி நாட்டுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. கம்பளை அரசு நிலவிய 14 ஆம் நூற்றாண்டிற் செல்வாக்குற்ற அழகக்கோனார் குடியினர் தம் முன்னோர் வஞ்சியிலிருந்து வந்தோர் என்றனர். 1344 இல் எழுந்த கடலாதெனியா விகாரையைத் தென்னாட்டுச் சிற்பியாகிய கணேசுவராசாரியார் அமைத்தார். 1739 முதல் 1815 வரை கண்டி அரியணையில் இருந்தோர் மதுரையோடு மணவுறவு பூண்ட நாயக்க மரபினர். சிற்பியும் தேவியும் கடல் கடந்து வந்த வழியிலே சிரட்டைக் கருவி ஏந்திய பாடகன் வாரானோ?

நார் நரம்பைப் பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். ஆங்கிலேயர் சணலோடு ஒப்பிட்ட நார் யாதாயிருக்கலாம்? கண்டிக்கு அணித்தாகிய தும்பறையில், ஹேனவல, கலசிரிகம முதலிய ஊர்களில் நார்ப்பாய் நெய்யும் தொழில் இன்றும் உண்டு. அத்தொழிலுக்குப் பண்டு பயன்பட்ட செடிகளுள் ஒன்று சிங்களத்தில் நியந்த எனப்படும். தமிழில் மரல் அல்லது மருள் என்பது அதுவே. ஆங்கிலேயரும் இவ்வினச் செடிக்கு ‘வில்நாண் சணல்’ என்றே பெயரிட்டனர். பெரும்பாணாற்றுப்படை ஆயன் தன் யாழுக்குக் கட்டியதும் மரல் நாரே என்பதை இங்கே நினைவு கூர்க. வீணாவவின் நரம்பும் இதுவேயாயின், ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே செடி இரு எளியோர் கருவிகட்கு நரம்பீந்தது என்றாகும். இதனைத் துணிபாகக் கொள்ளாவிடினும், ஆராய்தற்குரிய கருத்தாகக் கொள்ளலாம்.

மறைந்த காரணம்

கண்டி நாட்டுக் கைத்தொழில்கள் பல இன்றும் வாழ்கின்றன. மாத்தளைக்கு அண்மையிலுள்ள பல்லே ஹப்புவிதையில் அரக்கை நகத்தால் இழைத்துத் தண்டுகட்கு நிறமூட்டும் நகவேலை நடைபெறுகின்றது. கெட்டபெர, தவுல், தம்மெட்டம் ஆகிய முரசுகள் செய்வாரும் இசைப்பாரும் உளர். தலதா மாளிகையில் நாள்தோறும் வழிபாட்டு வேளைகளில் முரசும் ஹொரணையும் ஒலிக்கின்றன. முரசு வாழ, வீணாவ மட்டும் மறைந்தது ஏன்?

இவ்வினாவுக்கு விடை இசையில் இல்லை, நிலத்தில் உள்ளது. கண்டியரசில் ஒவ்வொரு தொழிலும் நிலத்தோடு பிணைந்திருந்தது. கோயிலில் முரசறைவோனுக்கும், அரசனுக்குப் பணிசெய்யும் பட்டறைக் கம்மியனுக்கும் அப்பணிக்கென நிலம் உண்டு. தந்தை பணியை மகன் ஏற்கும்போது நிலத்தையும் ஏற்பான். இந்த ஒழுங்கை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் விரித்துரைத்தார். தமிழ்ப் பெருங்குடியிற் பிறந்த அவர், கண்டி நாட்டுக் கம்மியரை ஊரூராகச் சென்று கண்டு, அவர்தம் கலைக்கு அடிப்படை அவ்வொழுங்கே என்பதை உணர்த்தினார். 1815 இல் கண்டியரசு வீழ்ந்தது. 1832 இல் இராசகாரியம் என்னும் அரசப்பணி முறையை ஆங்கிலேயர் ஒழித்தனர். ஆயினும் கோயில் நிலங்களுக்குரிய பணிகள் தொடர்ந்தன. 1870 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பணமாக மாற்றிக்கொள்ள இடமளித்ததேயன்றி அடியோடு அழிக்கவில்லை. எனவே கோயிற் கருவிகள் பிழைத்தன.

வீணாவவுக்கோ கோயிலும் இல்லை, நிலமும் இல்லை. மழையிலும் ஊர்வலத்திலும் வெளியரங்கிலும் ஒலிக்கவேண்டிய வழிபாட்டு இசையில், முரசொலிக்கிடையே இரு நரம்பின் மெல்லொலி கேட்குமாறில்லை. அதனை வைத்திருந்தோன் பிச்சையாக இட்ட அரிசியையே நம்பியிருந்தான். கேட்போர் காது ஆர்மோனியத்துக்கும் பிடிலுக்கும் திரும்பியபோது அவனைக் காக்க நிறுவனம் ஒன்றும் முன்வரவில்லை. அவன் கருவியைச் செய்தோனும் பெரும்பாலும் அவனே. ஆதலின் பாடகன் மறைந்தபோது கம்மியனும் உடன் மறைந்தான். முரசு செய்தோர்க்கு வழிவழி மாணாக்கர் இருந்தனர். சிரட்டை அறுத்தோனுக்கு இலர். ஒரு கலை அழிவது அதன் குறையால் மட்டுமன்று. அதனைத் தாங்கும் சோற்றுவழி அற்றுப்போவதாலும் அழியும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மீட்பும் கடமையும்

அண்மைக் காலத்தில் இக்கருவியின்மேற் கவனம் திரும்பியுள்ளது. இலங்கை இசையமைப்பாளர் தினேஷ் சுபசிங்க இராவணஹத்தாவைப் பயின்று, 2007 இல் ‘ராவண் நாத’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன்பின் இளைஞர் பலர் அதன் பெயரையேனும் அறிந்துள்ளனர். இது மகிழ்தற்குரியது. எனினும் பெயர் மீள்வது வேறு, கருவி மீள்வது வேறு. ஐயாயிரம் ஆண்டுப் பெருமையை ஆயிரம் மேடைகளில் முழங்கினும் ஒரு சிரட்டை வீணாவவாகாது.

இழந்த கருவியை மீட்கும் நெறியை நமக்குக் காட்டியவர் விபுலாநந்த அடிகளார். பல நூற்றாண்டு மறைந்துகிடந்த யாழை அவர் வெறும் புகழுரையால் மீட்கவில்லை. நூல்களை ஒப்புநோக்கி, சுருதிகளைக் கணக்கிட்டு, உறுப்புகளை வரைந்து காட்டி, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். வீணாவவின் பொருட்டும் அத்தகைய உழைப்பு வேண்டும். அது யாழைப்போல் அரிய கணிதத்தை வேண்டுவதன்று. சிரட்டை நம் அடுக்களையில் உள்ளது. நார் திரிக்கும் கை தும்பறையில் உள்ளது. தண்டுக்கு அரக்கு மெருகிடும் கை மாத்தளையில் உள்ளது. தோலை இறுக்கும் கை முரசு செய்வாரிடம் உள்ளது. உடும்பைக் கொல்லவும் வேண்டா. இந்தியாவில் அவ்விலங்கு 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் காக்கப்படுகின்றது. ஆட்டுத்தோல் கொண்டே இராசத்தானத்தார் தம் கருவியைப் போர்க்கின்றனர். பிரிந்து கிடக்கும் இம்மூன்று கைகளையும் ஒரு மேசையில் ஒன்றுகூட்டுவதே எஞ்சிய பணி.

தமிழன் கருவியா, சிங்களவன் கருவியா, வடநாட்டான் கருவியா என வினவுவார்க்குக் கருவியே விடை பகர்கின்றது. தெற்கின் சிரட்டையில், வடக்கின் மயிரையும், மலைநாட்டு நாரையும் ஒருங்கே பூண்டு, யாருடைய வாயிலில் நின்றாலும் பாடிய கருவி அது. அதனை ஒருவர்க்கே உரியதாக்க முயல்வோர் அதன் நரம்புகளில் ஒன்றை அறுப்பவராவர். இராவணன் கை என்னும் பெயர் அதற்கு நிலைக்கட்டும். ஆனால் அதனைச் செய்து, சுமந்து, இசைத்து, பெயர் எழுதப்படாமலே மறைந்த எளியோரின் கைகளையும் வரலாறு மறவாதிருத்தல் வேண்டும்.